ஹைதராபாதைச் சூழ்ந்த படிவுப் பாறைகள்: உருவான சூழல்களை அறியும் முறையும் எஞ்சிய வினாக்களும்

ஒரு பாறையைக் கொண்டு அது உருவான இடம் ஆறா, ஏரியா, கடலா, பாலைவனமா என்று அறிய முடியுமா, முடியுமெனில் எவ்வளவு உறுதியோடு அறிய முடியும் என்னும் வினாவே படிவுப் பாறையியலின் மையமாக இருந்துவருகிறது. நிலத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் போர்த்தியிருப்பவை படிவுப் பாறைகளே. மழையும் காற்றும் வெயிலும் பழைய பாறைகளைச் சிதைக்க, அந்தச் சிதைவை நீரோ காற்றோ பனியோ சுமந்து சென்று தாழ்ந்த இடத்தில் சேர்க்க, மேலே சேரும் சுமையால் அது அழுந்தி, நிலத்தடி நீர் விட்டுச்செல்லும் சுண்ணமோ சிலிக்காவோ துகள்களை ஒட்டவைக்க, நெடுங்காலத்தில் அது பாறையாகிறது. இந்த ஒவ்வொரு கட்டமும் பாறையில் ஏதோ ஒரு தடயத்தை விடுகிறது என்பதும், பிந்திய கட்டம் முந்திய கட்டத்தின் தடயத்தை அழிக்கக்கூடும் என்பதும் இந்தத் துறையின் வாய்ப்பையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே விளக்குகின்றன.

இந்த வினாவை ஆராய ஹைதராபாத் பொருந்தாத ஊர் என்றே முதலில் தோன்றும். நகரம் அமைந்திருப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள கிரானைட்டின் மீது. கோல்கொண்டாக் கோட்டை ஏறி நிற்கும் குன்றும் நகரெங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகளும் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உறைந்தவையே. அவற்றில் படிவின் சாயல் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கிரானைட் மேடையின் ஓரங்களில் மேற்கே பீமா படுகையும், தெற்கே கடப்பா படுகையும், வடகிழக்கே பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கும், விகாராபாத் பக்கம் தக்காண எரிமலைப் பாறைகளுக்கு இடையே மெல்லிய ஏரிப் படிவுகளும் அமைந்துள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தென்மண்டலத் தலைமையகமும் பயிற்சி நிறுவனமும், தேசியப் புவிஇயற்பியல் ஆய்வு நிறுவனமும், அணுக் கனிமங்கள் இயக்குநரகமும், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையும் ஒரே நகரில் இருப்பதால், இந்தப் படுகைகளைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஹைதராபாதிலிருந்து புறப்பட்ட களப்பயணங்களாலேயே சேர்ந்தது.

ஆய்வின் முதற்படி துகளின் அளவைக் காண்பது. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை சரளை, அதற்குக் கீழே மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரை மணல், அங்கிருந்து 256இல் ஒரு பங்கு வரை வண்டல், அதனினும் நுண்ணியவை களிமண் என்பது 1922இல் செஸ்டர் வென்ட்வொர்த் ஒழுங்குபடுத்திய அளவுமுறை. வேகமாக ஓடும் நீர் சரளையையும் உருட்டிச் செல்லும். வேகம் குறையக் குறைய முதலில் சரளையும், பிறகு மணலும், நீர் ஏறத்தாழ அசைவற்று நிற்கும் இடத்தில் மட்டுமே களிமண்ணும் படியும். ஆகவே துகளின் அளவு அதைச் சுமந்த நீரின் ஆற்றலைக் காட்டுகிறது. துகள்கள் ஒரே அளவாகத் தேர்ந்திருப்பதும் முனை மழுங்கி உருண்டிருப்பதும் அவை எவ்வளவு காலம் அலைப்புண்டன என்பதைக் காட்டுகின்றன. எனினும் மணல் ஆற்றிலும் படியும், கடற்கரையிலும் படியும், பாலைவனத்திலும் படியும் என்பதால், துகளளவை மட்டும் கொண்டு சூழலைத் தீர்மானிப்பவர் எளிதில் தவறிவிடுவார்.

தவற்றைத் தவிர்க்க உதவுவது படிவின் உள்ளமைப்பு. நீரோட்டம் மணலைச் சிற்றலைகளாகவும் திட்டுகளாகவும் நகர்த்தும்போது, ஒவ்வொரு திட்டின் சரிவிலும் மணல் சாய்வாக அடுக்கப்படுகிறது. கிடையான அடுக்குக்குள் சாய்வான மெல்லடுக்குகள் தெரியும் இந்த அமைப்பைக் குறுக்கடுக்கு என்பர். சாய்வு நோக்கும் திசையே பழைய நீரோட்டத்தின் திசை என்பதால், நூற்றுக்கணக்கான இடங்களில் திசைமானியைக் கொண்டு அதை அளந்தால், மறைந்துபோன ஓர் ஆறு எங்கிருந்து எங்கே ஓடியது என்பதை வரைந்துவிடலாம். சாய்வு ஒரு திசையில் மட்டும் இருந்தால் ஆறு எனவும், எதிரெதிராக மாறி மாறி வந்தால் கடலின் ஏற்றவற்றம் எனவும் கருத இடமுண்டு. சேறு காய்ந்து வெடித்த தடம், மழைத்துளியின் பள்ளம், வேர் துளைத்த வழி, புழு தோண்டிய வளை ஆகிய ஒவ்வொன்றும் நீரின் ஆழத்தையோ நீர் வற்றிய நேரத்தையோ சொல்கின்றன. இவ்வாறு துகள், அமைப்பு, நிறம், உயிரெச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சூழலைச் சுட்டும் பாறைத் தொகுதியை ஃபேசிஸ் என்று புவியியலார் வழங்குகின்றனர். இடைவெளி இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஃபேசிஸ்கள் ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக இருந்த சூழல்களே என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் யோகன்னஸ் வால்தர் வகுத்த விதி. செங்குத்தான ஒரு சுரங்கச் சுவரைப் படித்து அந்தக் காலத்து நிலப்பரப்பின் வரைபடத்தை மனத்தில் விரிக்க முடிவது இந்த விதியினால்தான். அடுக்குகளுக்கிடையே காலம் விடுபட்டிருந்தால் அதே விதி ஆய்வாளரைத் திசைதிருப்பிவிடும் என்பதும் உண்மை.

ஹைதராபாதின் பழைய வீடுகளில் தரைக்குப் பாவிய தாண்டூர் கல்லும் ஷாஹாபாத் கல்லும் பீமா படுகையின் சுண்ணாம்புக்கற்கள். தெலங்கானாவின் மேற்கெல்லையிலிருந்து கர்நாடகத்தின் கலபுரகி, யாத்கீர் மாவட்டங்கள் வரை பரவிக் கிடக்கும் இந்தப் படுகையை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1876இல் வெளியான தமது அறிக்கையில் விரிவாக விவரித்தார். பல்லாவரத்தில் 1863இல் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்தவர் என்ற வகையில் தமிழ் வாசகருக்கு அறிமுகமான அதே ஃபூட்தான் இவர். கிரானைட்டின் மேல் முதலில் கூழாங்கற்கள் இறுகிய திரள்பாறை, அதன்மேல் மணற்கல், ஷேல் எனப்படும் தகட்டுக் களிப்பாறை, அதன்மேல் தடித்த சுண்ணாம்புக்கல் என்னும் வரிசை இங்கே தெளிவாகத் தெரிகிறது. நிலத்தின் மீது கடல் மெல்ல ஏறி வந்தபோது முதலில் கரையின் சரளையும், பிறகு ஆழமற்ற கடலின் மணலும் சேறும், இறுதியில் நிலத்துச் சேறு எட்டாத தெளிந்த நீரின் சுண்ணச் சேறும் படிந்தன என்று இதைப் படிக்கிறார்கள். தாண்டூர் கல்லின் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை; அலை கலக்காத அமைதியான நீரில் அவை சமதளமான மெல்லடுக்குகளாகப் படிந்தன. கல்லுடைப்போர் கடப்பாரையை அடுக்கின் விளிம்பில் வைத்து நெம்பியதும் பலகை பலகையாகப் பிரியும் பண்பு, அந்தப் பழங்கடலின் அமைதியிலிருந்தே வந்தது. சாம்பல், நீலம், மஞ்சள் என்று கல்லின் நிறம் மாறுவதற்கு அதிலுள்ள இரும்பின் நிலையும் பின்னாளைய மாற்றங்களும் காரணம் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து சூழலைச் சொல்வது பிழையாகும்.

மேற்கே பார்த்த கடலைவிடப் பெரியதும் பழையதுமான ஒன்று தெற்கே, கிருஷ்ணாவுக்கு அப்பால் இருக்கிறது. கடப்பா படுகை ஏறத்தாழ 44,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பிறைவடிவில் கிடப்பது. அதன் வடக்கு முனை நாகார்ஜுனசாகர் அருகே தெலங்கானாவைத் தொடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் அடுக்களை மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் இட்ட கறுத்த கடப்பாக்கல் இந்தப் படுகையின் பெயரையே தாங்கியுள்ளது. வில்லியம் கிங் 1872இல் வெளியிட்ட நூல் இந்தப் பாறைகளைக் கடப்பா, கர்நூல் என இரு தொகுதிகளாகப் பிரித்தது. அந்தப் பிரிவு இன்றுவரை அடிப்படையில் நிலைத்திருப்பது, நடந்தும் குதிரையேறியும் செய்த அக்காலக் களப்பணியின் தரத்துக்குச் சான்று. மேற்கு விளிம்பில் அடுக்குகள் ஏறத்தாழ கலையாமல் கிரானைட்டின்மேல் படுத்திருக்க, கிழக்கே நல்லமலைத் தொடரில் அவை மடிந்தும் நொறுங்கியும் மேற்கு நோக்கித் தள்ளப்பட்டும் உள்ளன. எனவே சூழலைப் படிக்க விரும்புவோர் மேற்கு விளிம்பிலேயே தொடங்குவது வழக்கம்.

அங்கே அடியில் குல்சேரு குவார்ட்சைட் என்னும் இறுகிய மணற்கல்லும் திரள்பாறையும், அதன்மேல் வேம்பல்லிச் சுண்ணப் பாறைகளும் வருகின்றன. வேம்பல்லிப் பாறைகளில் டோலமைட் மிகுதி. அது கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கனிமம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட்டோ பொடித்தால்தான் நுரைக்கும். இந்தப் பாறைகளில் அலைவரிகளும், சேற்று வெடிப்புகளும், உடைந்த சுண்ணத் தகடுகள் மீண்டும் ஒட்டிய துணுக்குப் படிவுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்ட்ரோமட்டோலைட்டுகளும் உள்ளன. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் பாயாகப் பரவி, நீரில் மிதக்கும் சுண்ணத் துகள்களைப் பிடித்து, ஒளியைத் தேடி மீண்டும் மேலேறி அடுக்கடுக்காகக் கட்டிய குமிழ் வடிவங்களே ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். வெளிச்சம் எட்டும் ஆழத்தில் மட்டுமே அவை வளர முடியும். வெடிப்புகளோ நீர் அவ்வப்போது வற்றியதைக் காட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, கடல் ஏறி இறங்கிய அகன்ற ஓதச் சமவெளி ஒன்று கண்முன் எழுகிறது. இதே வேம்பல்லி டோலமைட்டில்தான் தும்மலப்பள்ளியின் யுரேனியம் ஒரே அடுக்கைத் தொடர்ந்து நெடுந்தூரம் செல்கிறது. பாஸ்பேட்டும் நுண்ணுயிர்ப் பொருளும் சேர்ந்த அந்த ஆழமற்ற கடற்படிவு, நீரில் கரைந்திருந்த யுரேனியத்தைப் பிடித்துவைத்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் விளக்கம். சூழலை அறிவது கனிமம் தேடுவோர்க்கு எவ்வளவு நேரடியாகப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரே படுகையின் வடக்கு விளிம்பில், நல்கொண்டா மாவட்டத்தின் லம்பாபூர் பகுதியில், யுரேனியம் வேறொரு முறையில், கிரானைட்டும் அதன்மேல் படிந்த ஸ்ரீசைலம் மணற்கல்லும் சந்திக்கும் தளத்தை ஒட்டிச் சேர்ந்துள்ளது; அந்தத் தளம் நெடிய அரிமானத்தைக் குறிப்பது, அங்கே பாறைகளுக்கிடையே பல கோடி ஆண்டுகள் விடுபட்டுள்ளன.

இவ்வளவு பழைய படிவுகளை இன்றைய ஆறுகளோடும் கடற்கரைகளோடும் ஒப்பிட்டு விளக்குவதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அக்காலத்தில் நிலத்தில் செடி இல்லை. வேர் பிடித்து நிறுத்தாத கரைகள் எளிதில் சரிந்ததால், ஆறுகள் ஆழமான வளைவுகளாக ஓடாமல் அகன்ற மென்தாளாகப் பரவி ஓடின. கடலடியைத் துளைத்துக் கலக்கும் புழுவும் நண்டும் இல்லாததால் மெல்லடுக்குகள் கலையாமல் எஞ்சின. நிகழ்காலமே கடந்தகாலத்தின் திறவுகோல் என்று சார்லஸ் லயலின் வழிவந்தோர் கற்பித்த கொள்கை இயற்பியல் விதிகளுக்குப் பொருந்தும். உயிர்கள் உருமாற்றிய நிலப்பரப்புக்கு அப்படியே பொருந்தாது. கடப்பா மணற்கற்களைக் கடல்சார்ந்தவையா ஆறு சார்ந்தவையா என்று பிரிப்பதில் ஆய்வாளர்கள் தொடர்ந்து வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதை அறிவதிலும் இதே இடர்ப்பாடு தொடர்கிறது. அம்மோனைட் போன்ற உயிரெச்சங்கள் இல்லாத பாறைக்கு வயது சொல்லத் தீப்பாறைகளையே நாட வேண்டும். புலிவெந்துலா அருகே படிவுகளுக்குள் கிடையாக ஊடுருவிய தீப்பாறை ஒன்றின் வயது ஏறத்தாழ 188 கோடி ஆண்டு என்று அளக்கப்பட்டபின், அது ஊடுருவிய படிவுகள் அதனினும் பழையவை என்பது உறுதியாயிற்று. மேலே கிடக்கும் கர்நூல் தொகுதிக்கு அத்தகைய ஊடுருவல் கிடைக்காததால், விவாதம் வைரத்தின் வழியே நடக்கிறது. அந்தத் தொகுதியின் அடியிலுள்ள பனகானபள்ளித் திரள்பாறையில் வைரங்கள் கிடைக்கின்றன. வைரம் பூமியின் ஆழத்தில் தோன்றி, கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழாய்கள் வழியே மேலே வருவது. கோல்கொண்டா அரசின் ஆட்சிப் பகுதியிலும் அதன் அண்டையிலும் உள்ள வஜ்ரகரூர், நாராயண்பேட் கிம்பர்லைட்டுகள் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுக்கு முற்பட்டவை. அந்தக் குழாய்கள் அரிக்கப்பட்டுத்தான் பனகானபள்ளியின் வைரங்கள் வந்தன எனில், கர்நூல் தொகுதி அதைவிட இளமையானது என்று ஆகிறது. வேறு பழைய மூலம் ஒன்று இருந்திருந்தால் இந்த முடிவு தளர்ந்துவிடும். பீமா படுகையின் வயதும் கர்நூல் தொகுதியோடு பாறை ஒப்புமையால் கட்டப்பட்டிருப்பதால், ஒன்றின் தளர்ச்சி மற்றதையும் அசைக்கும்.

கோல்கொண்டா வைரங்கள் என்று உலகெங்கும் பெயர்பெற்றவையும் பெரும்பாலும் படிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டன என்பது பலர் கவனிக்காத உண்மை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 எனில் வைரத்தின் அடர்த்தி 3.5, எனவே வெள்ளம் மணலை அடித்துச்சென்ற இடத்தில் வைரம் சரளையோடு பின்தங்கும். கிருஷ்ணா கரையிலுள்ள கொல்லூரில் சுரங்கக்காரர்கள் தோண்டியது இத்தகைய ஆற்றுச் சரளை அடுக்கையே. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் ழான் பப்தீஸ்த் தவேர்னியே அங்கே கண்டு எழுதிய தோண்டுதலும் கழுவுதலும் சலித்தலும், இன்றைய படிவியலார் கனமான கனிமங்களைப் பிரிக்கும் முறையிலிருந்து கொள்கையளவில் வேறுபட்டவை அல்ல.

வடகிழக்கே, மஞ்சிரியாலிலிருந்து கொத்தகூடம் வரை நீளும் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கு முற்றிலும் வேறான உலகம். இரண்டு பழைய நிலத்தொகுதிகளுக்கு இடையே நிலம் விரிசலிட்டுத் தாழ்ந்து உண்டான இந்த நீண்ட பள்ளத்தில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி அடுத்த 20 கோடி ஆண்டுகளின் பெரும்பகுதியில் படிவு சேர்ந்தது. இதன் முதல் விரிவான வரைபடத்தையும் வில்லியம் கிங்தான் 1881இல் வெளியிட்டார். இந்த வரிசைக்கு வழங்கும் கோண்ட்வானா என்னும் பெயர் இவ்வட்டாரத்து மலைகளில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் அமைந்தது. அதையே பின்னர் எடுவார்ட் சூஸ் தென்கண்டங்கள் இணைந்திருந்த பெருநிலத்துக்கு இட்டார்.

வரிசையின் அடியிலுள்ள தால்ச்சிர் படிவுகள், இன்று வெயிலில் வறளும் இந்த மண்ணில் ஒருகாலத்தில் பனிப்பாறைகள் இருந்தன என்பதைக் காட்டுகின்றன. களிமண், மணல், ஆளுயரக் கல் எல்லாம் அளவு பிரியாமல் ஒன்றாகக் கலந்து கிடப்பது ஓடும் நீரின் வேலையாக இருக்க முடியாது. பனி மட்டுமே எல்லா அளவையும் ஒருசேரச் சுமக்கும். நுண்ணிய மெல்லடுக்குச் சேற்றுக்குள் தனியொரு பெரிய கல் அடுக்கை அமுக்கிக்கொண்டு அமர்ந்திருப்பது, மிதந்துவந்த பனிக்கட்டி உருகி அதைக் கைவிட்டதன் தடம். சந்திரப்பூர் அருகே இரை ஆற்றங்கரையில் பனி இழுத்துத் தேய்த்துக் கீறிய சுண்ணாம்புக்கல் தளத்தை 1870களில் புவியியலார் ஃபெடன் விவரித்தபோது, வெப்பமண்டலத்தில் பனியா என்ற ஐயம் புவியியலாரிடையே நிலவியது. கண்டங்கள் இடம்பெயர்ந்தன என்ற கருத்து ஏற்கப்படும்வரை அந்தக் கீறல்கள் விளங்காத சான்றாகவே இருந்தன. பாறை சொன்னதைக் கொள்கை எட்டிப்பிடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று; அதுவரை களக்குறிப்பைக் கொள்கைக்காக மாற்றி எழுதாமல் வைத்திருந்த அறிஞர்களின் நேர்மை போற்றத்தக்கது.

பனி விலகியபின் படிந்த பராக்கர் அடுக்குகளில்தான் சிங்கரேணி நிலக்கரி இருக்கிறது. யெல்லந்து அருகே 1871இல் நிலக்கரியைக் கண்டவரும் கிங்கே. 1889இல் சுரங்கப்பணி தொடங்கியது. கொத்தகூடத்தின் நிலக்கரி அடுக்குகளில் ஒன்று இன்றும் கிங் சீம் என்றே வழங்குகிறது. பராக்கர் பாறையில் கரடுமுரடான மணற்கல்லில் தொடங்கி, மேலே செல்லச் செல்ல நுண்மணல், களிப்பாறை, நிலக்கரி என முடியும் சுழற்சி மீண்டும் மீண்டும் வருகிறது. ஆறு ஒன்று தன் தடத்தில் மணலை நிரப்பி, பக்கவாட்டில் விலகிச் சென்று, விட்டுச்சென்ற இடம் சதுப்பாகி, குளோசாப்டெரிஸ் முதலான மரங்களின் இலையும் கட்டையும் அழுகாமல் புதைந்து, பள்ளம் மேலும் தாழ்ந்ததும் ஆறு மீண்டும் வந்து மணலைக் கொட்டியது என்பதே அதன் பொருள். வெள்ளம் அடிக்கடி சேற்றைச் சதுப்புக்குள் கொண்டுவந்ததால் கோண்ட்வானா நிலக்கரியில் சாம்பல் மிகுதி. அனல்மின் நிலையங்களின் சாம்பல் மேடுகளுக்கான முதற்காரணம் அந்தப் பழைய வெள்ளங்களில் இருக்கிறது. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளும் இந்தப் பள்ளத்தாக்கில் இன்று திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகியுள்ளன. சுரங்கச் சுவர்கள் எந்த மலைச்சரிவும் காட்டாத தெளிவோடு ஆற்றுத்தடங்களின் குறுக்குவெட்டைக் காட்டுகின்றன.

பராக்கர் அடுக்குகளுக்கு மேலே வரும் மாலேரிச் செங்களிமண் ஏறத்தாழ 22 கோடி ஆண்டுக்கு முந்திய ட்ரையாசிக் காலத்தது. சிவந்த களிமண்ணும், அதற்குள் சுண்ண உருண்டைகள் திரண்ட மெல்லிய அடுக்குகளும் இங்கே மாறி மாறி வருகின்றன. மழைக்காலத்தில் நனைந்து கோடையில் வறளும் மண்ணில்தான் அத்தகைய சுண்ண முடிச்சுகள் திரளும். தக்காணத்து உழவர் சுக்கான் கல் என்று வெறுக்கும் முடிச்சுகள் அதே வகை. நுரையீரல் மீன்களின் பற்களும், நீர்நில வாழ்விகளும், முதலையை ஒத்த ஊர்வனவும், தாமஸ் ஹக்ஸ்லி 1869இல் ஆராய்ந்த ஹைப்பரோடாப்பெடான் என்னும் தாவர உண்ணியும் இந்தச் செம்மண்ணிலிருந்து கிடைத்தன. மண்ணும் உயிரும் ஒரே செய்தியைச் சொல்வதால், பருவமழை பொய்த்தும் பெய்தும் வந்த வெள்ளச் சமவெளி என்ற முடிவில் இங்கே பெரிய கருத்துவேறுபாடு இல்லை.

கருத்துவேறுபாடு மிகுந்திருப்பது ஜுராசிக் காலத்துக் கோட்டா படிவுகளைப் பற்றி. அவையே இந்தப் பள்ளத்தாக்கின் மிகச் செழுமையான பகுதியும் ஆகும். கீழ்ப்பகுதி மணற்கல்லும் செங்களிமண்ணும். நடுவே சில மீட்டர் முதல் பல மீட்டர் வரை தடித்த சுண்ணாம்புக்கல். மேலே மீண்டும் மணலும் களிமண்ணும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செதில் மின்னும் மீன்கள் கிடைத்ததால் கோட்டாவின் பெயர் ஐரோப்பா வரை எட்டியது. 1950களின் இறுதியில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அதன் நிறுவனர் மகலனோபிஸ் அழைப்பில் தொல்லுயிரியலார் பமீலா ராபின்சன் அமைத்த புவியியல் குழு இங்கே களப்பணி தொடங்கி, பராப்பசாரஸ் தாகூரி என்னும் பெரிய டைனோசரின் எலும்புகளை ஏறத்தாழ 300 எண்ணிக்கையில் தோண்டியெடுத்தது. சோகன்லால் ஜெயின், குட்டி, ராய்-சௌத்ரி, சங்கர் சட்டர்ஜி ஆகியோர் 1975இல் அதை விவரித்தனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, முன்னாள் அடிலாபாத் மாவட்டத்து யமன்பள்ளியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு கோட்டாசாரஸ் யமன்பள்ளியென்சிஸை 1988இல் விவரித்தார். ஏறத்தாழ 12 விலங்குகளின் 840 எலும்புகளைச் சேர்த்து நிறுத்திய அதன் கூட்டை ஹைதராபாதின் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

கூட்டைக் காண வருவோர் விலங்கின் உருவத்தில் கவனம் செலுத்துவது இயல்பே. படிவியலார்க்கோ, எலும்புகள் எந்த மண்ணில், எந்த நிலையில் கிடந்தன என்பதே முதல் வினா. பராப்பசாரஸ் எலும்புகள் பல விலங்குகளுடையவை கலந்து, பெரிய மரத்தண்டுகளோடு சேர்ந்து கிடந்தன, மண்டையோடு கிடைக்கவில்லை. ஒரு பெருவெள்ளம் கூட்டத்தை மரங்களோடு அடித்து வந்து ஓரிடத்தில் ஒதுக்கியது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். மண்டையோடு போன்ற மெல்லிய எலும்புகள் அதற்குள் சிதறிவிட்டிருக்கலாம். நடுவிலுள்ள சுண்ணாம்புக்கல்லில் மென்கூட்டு நன்னீர் இறால் இனங்களும், ஆஸ்ட்ரகோடு என்னும் நுண்ணிய இரட்டைக்கூட்டு உயிர்களும், சேற்று வெடிப்புகளும் இருப்பதால், ஆழமற்றதும் அவ்வப்போது வற்றியதுமான ஏரிகளே அதன் சூழல் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். மீன்கள் மட்டும் இருந்திருந்தால் வழக்கு முடிந்திராது. கோட்டாவின் மீன் குடும்பங்களுக்குக் கடலிலும் உறவினர் உண்டு, சீலகாந்த் மீனும் அங்கே கிடைத்துள்ளது. ஓர் உயிரினத்தின் தனிச்சான்றைவிட, உயிரும் அமைப்பும் சேர்ந்த கூட்டுச்சான்றே நம்பத்தக்கது என்பதைக் கோட்டா சுண்ணாம்புக்கல் போல் உணர்த்தும் பாறை இந்தியாவில் குறைவு. வயதைப் பொறுத்தவரை மீன்கள் தொடக்க ஜுராசிக்கையும், மகரந்தமும் ஆஸ்ட்ரகோடுகளும் அதற்குப் பிந்திய காலத்தையும் சுட்டுவதால் விவாதம் முடியவில்லை.

கோட்டாவின் களிமண்ணைச் சாக்குச் சாக்காக எடுத்து, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் கழுவி, எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ்த் தேடியபோது, சில மில்லிமீட்டருக்கும் குறைந்த பாலூட்டிப் பற்கள் கிடைத்தன. 1981இல் தத்தா விவரித்த கோட்டாதேரியம் அவற்றுள் ஒன்று. அந்த முறை விகாராபாத் அருகிலுள்ள நஸ்கலிலும் பலன் தந்தது. அங்கே ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுக்கு முன் ஓர் எரிமலைப் பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட அமைதிக்காலத்தில் ஒரு சிறு குளத்தில் படிந்த சேறு, எரிமலைப் பாறைகளின் நடுவே சிக்கி எஞ்சியுள்ளது. ஜி. வி. ஆர். பிரசாதும் அசோக் சஹ்னியும் 1988இல் அங்கிருந்து டெக்கனோலெஸ்டெஸ் என்னும் சிறு விலங்கின் பற்களை அறிவித்தனர். இந்தியாவின் கிரெட்டேசியஸ் காலத்துப் பாலூட்டிக்கு அதுவே முதற்சான்று. நஸ்கலின் மீன், தவளை, நத்தை எல்லாம் நன்னீரைக் காட்ட, அதே எரிமலைக் காலத்து இடையடுக்குகள் ராஜமகேந்திரவரம் அருகே கடலின் நுண்ணுயிர்க் கூடுகளைத் தாங்குகின்றன. ஒரே நிகழ்வின் கீழ் உள்நாட்டில் குளமும் கரையோரத்தில் கழிமுகமும் இருந்தன என்று இவ்வாறு பிரித்தறிவது, அரியலூரில் 1860களில் பிளான்போர்டும் ஸ்தொலிச்காவும் அம்மோனைட்டுகளைக் கொண்டு கடற்படிவை அடையாளம் கண்ட வேலையைவிடக் கடினமானது. அரியலூரின் கடல் தன் உயிர்களை ஏராளமாக விட்டுச்சென்றது, நஸ்கலின் குளமோ சில பற்களையும் சிறு எச்சங்களையுமே விட்டுச்சென்றது.

ஹைதராபாதின் ஆய்வகங்களில் இன்று ஐசோடோப்பு அளவிகளும் மின்னணு நுண்ணோக்கிகளும் உள்ளன; கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் பழைய நீரின் இயல்பைச் சொல்லும், ஸிர்கான் மணிகளின் வயது மணல் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். ஆனால் எந்த அடுக்கிலிருந்து, எந்த ஃபேசிஸிலிருந்து எடுத்த மாதிரி என்பது துல்லியமாகப் பதிவாகாவிட்டால் அந்த அளவுகள் பொருளற்றவை. அண்மைக் காலத்தில் கருவியறிவு வளர்ந்த அளவுக்கு அடுக்கை அடுக்காக அளந்து வரையும் பொறுமை வளரவில்லை என்பது கவலைக்குரியது. மாணவர்க்குக் களப்பயிற்சியின் நாட்கள் குறைந்துவருவது அதைவிடக் கவலைக்குரியது. சிங்கரேணியின் திறந்தவெளிச் சுவர்கள் நிலக்கரி எடுத்தபின் மண்ணால் மூடப்படுகின்றன. தாண்டூரின் நல்ல முகப்புகள் பலகைகளாக வெட்டப்பட்டு லாரியேறுகின்றன. சுரங்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை. மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் ஒளிப்படத்தாலும் அளவுவரைவாலும் பதிவு செய்வதையும், யுரேனியத்துக்காகவும் நிலக்கரிக்காகவும் துளையிட்டெடுத்த உருளைக் கற்களை அழியாமல் காத்து ஆய்வாளர்க்குத் திறந்துவைப்பதையும் உரிமத்தின் நிபந்தனையாக்கினால் போதும். கர்நூல் தொகுதியின் வயதுக்கு விடை தரக்கூடிய மெல்லிய எரிமலைச் சாம்பல் அடுக்கு ஏதேனும் இருக்குமானால், அது வெயிலும் மழையும் படாத இத்தகைய துளைக்கல் ஒன்றில் காணப்படுவதற்கே வாய்ப்பு மிகுதி.